பூசாரி றீற்றா

கேலியோ? என்னையோ? இல்லைத் தங்கச்சி, அப்பிடிப் பெரிசா ஒண்டுமில்லை. ஒரு அரை வருசம், அவ்வளவுதான். நீங்கள் அந்தக் கேள்விக்கு நேர 'இல்லை' எண்டே கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கோ.

என்ன, போட்டுட்டீங்களோ? கொஞ்சம் பொறுங்கோ. பேனாவைக் கீழ வையுங்கோ. தேத்தண்ணி ஆறுது, முதல் அதைக் குடியுங்கோ.

"பள்ளியில் உங்களை யாரேனும் கேலி செய்தார்களா?" ஆம், இல்லை எண்டு ரெண்டு பெட்டி. ஆர் தங்கச்சி இந்தக் கேள்வியை எழுதினது? உங்கட காலேஜ் மேடமோ? பாவம், அவவை ஒருநாளும் ஒருத்தரும் பகிடி பண்ணியிருக்க மாட்டினம். பண்ணியிருந்தா பெட்டியைக் கொஞ்சம் பெரிசாப் போட்டிருப்பா.

கதைக்க முதல் ஒண்டு சொல்லிப்போடுறன். நான் இப்ப சுத்தமா இந்த ஊர்ப் பேச்சுத்தான். முப்பத்தைஞ்சு வருசமாச்சு. கேம்பை விட்டு வெளிய போனா நான் ஆர், எந்த ஊர் எண்டு ஒருத்தருக்கும் பிடிபடாது. ஏன் சிரிக்கிறீங்கள்? உண்மையாத்தான். காய்கறிக்கடைக்காரர் "எந்த ஊருங்கம்மா நீங்க?" எண்டு கேக்கிறவர்தான். அது அவர் எல்லாரையும் கேப்பார்.

நாங்கள் வந்தது தொண்ணூறாம் ஆண்டு. இலங்கையில மன்னார்ப் பக்கம் பேசாலை எங்கட ஊர். எனக்குப் பதினொரு வயசு, தம்பி ஜூட்டுக்கு எட்டு. படகில வந்தம். படகைப் பற்றி உங்கட பேப்பரில கேள்வி இல்லை, நானும் சொல்ல மாட்டன். ஒண்டு மட்டும் சொல்லுறன். தூரத்தில நேவிக்காரன்ர படகுச் சத்தம் கேட்ட உடன, அம்மா ஒரு கையால தம்பின்ர வாயையும் மற்றக் கையால என்ர வாயையும் பொத்திப் பிடிச்சவ. நான் அழவே இல்லை. எனக்கு அழுற பழக்கமே இல்லை. எண்டாலும் பொத்தினவ. அந்தக் கையில மீன் மணத்தது, அது இப்பவும் ஞாபகம்.

மண்டபம் கரையில இறங்கி, பதிஞ்சு, பேந்து லொறியில ஏத்தி இந்த ஈரோட்டுப் பக்கம் அகதிக் கேம்பில கொண்டுவந்து விட்டினம். அப்பா கடலுக்குப் போன ஆள். இங்க கடல் எங்க இருக்கு? பெயின்ற் அடிக்கப் போனார். படகில சுத்தாத தலை, ரெண்டாள் உயர ஏணியில ஏறினாச் சுத்துதாம். அது வேற கதை.

என்னை ஆறாம் வகுப்பில சேர்த்தினம். முதல் நாள். தமிழ் வாத்தியார் அருமைநாயகம் சார் வரவுப் பதிவேட்டை எடுத்தார். எங்கட அப்பா என்ர பேரை எழுதிக் குடுத்தது எங்கட ஊர் முறையில. றீற்றா. பெரிய 'ற'னா போட்டு. இங்க ரீட்டா எண்டு எழுதுவினம், நாங்கள் றீற்றா எண்டுதான் எழுதுறது. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு வாசிக்கிறார்: "றீ... றீற்... யாரும்மா இது, ரீற்ற்றா?" ஏதோ சீலை கிழியிற மாதிரி வாசிச்சார். வகுப்பு சிரிச்சுது. அது பரவாயில்லை. அது அவருக்குச் சிரிச்சது.

"நீதானாம்மா அது?"

நான் எழும்பி நிண்டு மரியாதையாச் சொன்னன், "ஓம்."

அவ்வளவுதான் தங்கச்சி. நாங்கள் ஆமாம் எண்டதுக்கு ஓம் எண்டுதானே சொல்லுறது? முதல் வாங்கில, அதுதான் உங்கட பெஞ்சில, இருந்த ஒருத்தி டக்கெண்டு திரும்பி, ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டு, "பூசாரி, துன்னூறு குடுங்க" எண்டாள். வகுப்பு இடிஞ்சு விழுந்துது. ஓம் எண்டா மந்திரமாம், துன்னூறு எண்டது திருநீறு. அவள்தான் கோகிலவாணி. மஞ்சள் மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளை. ரெட்டைப் பின்னல், மடிச்சுக் கட்டின சிவப்பு ரிப்பன், நல்ல வடிவான பெட்டை. வடிவாய் இருந்து என்ன செய்ய, வாய் இருக்கே.

இதில இன்னொண்டும் இருக்கு. நாங்கள் வேதக்காரர். என்ர கழுத்தில மாதா சுரூபம் தொங்குது. என்னைப் போய்ப் பூசாரி எண்டால்? அம்மாவுக்கு நான் படுற பாட்டை விட அதுதான் பெரிய கவலையாப் போச்சுது.

அடுத்த நாளில இருந்து நான் போற வழியெல்லாம் கை நீட்டி நிக்கினம். "பூசாரி, எனக்கு." "பூசாரி, எனக்குக் கொஞ்சம்." மணி ஆட்டுறவை ஒரு பக்கம். நான் தண்ணி குடிக்கப் போனா அபிஷேகமாம். நான் "கதைக்க மாட்டன்" எண்டு சொன்னா, "கதை வேண்டாம் பூசாரி, மந்திரம் சொல்லு" எண்டுறது. நல்லாத்தான் இருந்தது எண்டு இப்ப நினைக்கிறன். மற்றவளுக்கு நடந்திருந்தா நானும் சிரிச்சிருப்பன்.

துடுப்புப் போடுறதுதான் எனக்குப் பிடிக்கேல்லை. நான் உள்ள வந்தா கோகிலாவும் இன்னும் நாலு பேரும் வாங்கில இருந்தபடி துடுப்புப் போடுவினம். "ஏலேலோ" எண்டு. எங்கட படகுக்கு மோட்டர் இருந்தது. அதைக் கூடத் தெரியாமல் பகிடி பண்ணுகினம். அந்தக் கோவம்தான் எனக்கு. வேற ஒண்டுமில்லை.

அம்மாட்டச் சொன்னன். அம்மா வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தவ. "வாயைத் திறந்தாத்தானே சிரிக்கினம்? திறவாதை" எண்டா. அவ்வளவுதான் அவவின்ர ஆலோசனை.

நானும் திறக்கேல்லை. மூண்டு மாசம். பகிடி இல்லை, மூண்டு மாசம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள ஒரு சொல்லு என்ர வாயால வரேல்லை. பேர் கூப்பிட்டா கையைத் தூக்குவன். கேள்வி கேட்டா நிலத்தைப் பார்ப்பன். சாப்பாட்டு நேரம் பின்பக்கத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போய் இருப்பன். நல்ல நிழல், ஆரும் வராத இடம். முதல் மாசம் கோகிலா கூட்டம் கத்திப் பார்த்தது, ரெண்டாம் மாசம் கிள்ளிப் பார்த்தது. நான் கல்லு. எனக்கு வெண்டு போட்டன் எண்டு பெருமை.

மூண்டாம் மாசம் ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா உடுப்பெல்லாம் பெயின்ற் புள்ளியோட வந்து நிக்கிறார்.

"உங்க பொண்ணுக்குப் பேச்சு வராதுங்களா?"

"வரும் ஐயா. வீட்டில நிப்பாட்ட ஏலாது."

"இங்க ஒரு வார்த்த பேசறதில்லைங்க. பாடம் புரியுதா இல்லையான்னே தெரியல. ஒண்ணு பண்ணலாம், மூணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுப் பார்க்கலாம். தம்பி கூட இருந்தா சரியாயிரும்."

ஜூட்டுக்குப் பக்கத்தில! தங்கச்சி, அந்த நேரம் அவனுக்கு மூக்குத் துடைக்கத் தெரியாது. அவனோட ஒரே பலகையில நான்! அண்டைக்குப் பின்னேரம் முழுக்க அவன் கேம்பு முழுக்க ஓடித் திரிஞ்சு சொல்லுறான், "அக்கா என்ர வகுப்புக்கு வரப்போறா, நான்தான் அவவுக்குச் சொல்லிக்குடுக்கப்போறன்." அப்பா ஏணியில நிக்கிற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு இருந்தார். பேந்து மெதுவாக் கேட்டார், "பிள்ளை, உனக்கு வாசிக்கத் தெரியுமெண்டு நானாவது போய்ச் சொல்லட்டோ?" அந்தக் குரல் எனக்குப் பிடிக்கேல்லை. என்ர அப்பா ஒருத்தரையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அருமைநாயகம் சார்தான், மாத்த முதல் ஒருக்கா வாசிக்க வைச்சுப் பார்ப்பம் எண்டு ஹெட்மாஸ்டரைக் கேட்டு நிப்பாட்டி வைச்சவர்.

திங்கக்கிழமை, தமிழ்ப் பாடம். என்னை முன்னுக்குக் கூப்பிட்டார். புத்தகத்தைத் தந்து, "வாசி மக்களே" எண்டார். அவர் நாகர்கோவில் பக்கத்து ஆள்.

நான் பார்த்தன், கோகிலா கையைத் தயாரா ஏந்தி வைச்சிருக்கிறாள். வாயைத் திறந்தன். புத்தகத் தமிழ்தானே? எழுதி வைச்ச தமிழுக்கு ஏது ஊர்? அம்பு மாதிரி வாசிச்சன். ரெண்டு பக்கம். 'ழ'னா 'ள'னா ஒண்டும் பிசகேல்லை. இந்த ஊர்ப் பிள்ளையள் 'பழம்' எண்டதைப் 'பளம்' எண்டுவினம். நான் 'பழம்' எண்டன்.

சார் அங்கயே நிப்பாட்டியிருக்கலாம். அந்த மனுசன் விடேல்லை. "நல்லா வாசிச்ச. இப்ப புத்தகத்த மூடு. ஒனக்க வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க, என்ன செய்யறாங்க, ஒனக்க பேச்சுலயே சொல்லு."

என்ன செய்யிறது? ஜூட்டின்ர மூக்கை நினைச்சன். தொடங்கினன். "என்ர அப்பா பெயின்ற் அடிக்கிறவர். என்ர அம்மா..."

"என்ர! என்ர!" கோகிலா ஆடு கத்துற மாதிரிக் கத்தினாள். "என்ர்ர்ர அம்மா!" எல்லாரும் பிடிச்சுக்கொண்டினம். மூண்டு மாசம் பூட்டி வைச்ச சிரிப்பு, ஒரேயடியா.

எனக்கு அந்த நேரம் என்ன வந்ததெண்டு தெரியாது. துணிவு எண்டு சொல்ல மாட்டன், சரியான பசி. காலமையும் சாப்பிடேல்லை. நேர அவளிட்டப் போய் நிண்டன்.

"அப்ப நீ எப்பிடிச் சொல்லுவாய்? சொல்லன்."

"என்னத்தையாமா?"

"உன்ர அம்மாவை. எப்பிடிச் சொல்லுவாய்?"

அவள் சிரிச்சுக்கொண்டே எழும்பினாள். "என்ற அம்மான்னு..." எண்டாள். அப்பிடியே நிண்டுட்டாள். வாய் திறந்தபடி.

இந்தக் கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கம் அப்பிடித்தானே தங்கச்சி? என்ற ஊடு, உன்ற ஊடு. நீங்கள் மெட்ராசோ? அப்ப உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு என்ர, அவைக்கு என்ற. ஒரு றனா வித்தியாசம். மூண்டு மாசம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில காது நல்லாத் திறந்திருந்தது. இவை கதைக்கிறது முழுக்க நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான்? நாங்களும் போகோணும் எண்டுறம், அவையும் போகோணும் எண்டுகினம். இதில ஆர் ஆரைச் சிரிக்கிறது?

சார் விழுந்து விழுந்து சிரிச்சார். "நான் இங்க வேலைக்கு வந்த புதுசுல 'எனக்க வீடு'ன்னு சொன்னேன்னு ஸ்டாப் ரூம்ல ஆறு மாசம் சிரிச்சாங்க மக்களே. எனக்க, என்ற, என்ர... எல்லாம் ஒரே வீடுதான், போய் உக்காருங்க" எண்டார். மூண்டாம் வகுப்புக் கதை அண்டையோட முடிஞ்சுது. ஜூட் ரெண்டு நாள் அழுதான்.

இப்ப நீங்கள் எழுதலாம். 'எதிர்கொண்டு வென்றார்' எண்டு ஏதாவது எழுதுவீங்கள்தானே?

இன்னும் கொஞ்சம் இருக்கு. அதை எழுதாதேங்கோ, சும்மா கேளுங்கோ.

நான் கோகிலாவுக்கு ஒரு பேர் வைச்சன். 'என்றாத்தா'. மாரியாத்தா மாதிரி, என்றாத்தா. நல்லாயிருக்கோ? எல்லாருக்கும் பிடிச்சிட்டுது. ஒரு கிழமையில பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிட்டுது. நேற்று என்னட்டத் துன்னூறு கேட்ட கூட்டம் இண்டைக்கு என்றாத்தாவுக்குக் கும்பிடு போடுது. எனக்குப் பக்கத்தில இருக்க இடம் பிடிக்கச் சண்டை. நான் ஒரு கெட்ட எண்ணத்தோடயும் சொல்லேல்லை. சும்மா ஒரு நாளைக்கு ஒருதரம், ரெண்டுதரம். சில நாள் பத்துத்தரம் வந்திருக்கும். அவள் என்னைச் சொன்னதோட பார்த்தா அது ஒண்டுமே இல்லை. அதோட நான் அவளைப் போலக் கிள்ளேல்லை. கிள்ளினது வேற பிள்ளையள்.

கோகிலா நல்ல பிள்ளையா மாறிட்டாள் எண்டுதான் நான் நினைச்சன். வகுப்பில சத்தமில்லை. கேள்வி கேட்டா நிலத்தைப் பார்க்கிறாள். பேர் கூப்பிட்டா கையை மட்டும் தூக்குறாள். அட, திருந்திட்டாளே எண்டு சந்தோசப்பட்டன்.

பேந்து ஒரு நாள் சாப்பாட்டு நேரம். எனக்குச் சிநேகிதியளின்ர சத்தம் தாங்க ஏலாமல் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போனன். பார்த்தா, அங்க இவள் இருக்கிறாள். என்ர இடத்தில! முதுகைத் தொட்டியில சாய்ச்சு, காலை மடக்கி, நான் எப்பிடி இருப்பனோ அப்பிடியே. எனக்குச் சரியான கோவம்.

"எழும்பு. இது என்ர இடம்."

அவள் எழும்பேல்லை. "என்ற எடமுந்தான்" எண்டாள்.

சொன்ன உடன கையால வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன்ர கையால தன்ர வாயை, தங்கச்சி. இறுக்கி. கண் மட்டும் வெளிய தெரியுது.

நான் பார்த்துக்கொண்டு நிண்டன். வெயில் சரியான வெயில். கால் வேற நொந்தது. அதால அவளுக்குப் பக்கத்தில குந்தி இருந்தன். வேற ஒரு காரணமும் இல்லை. கால் நொந்தா ஆரும் இருப்பினம்தானே?

நான் பெட்டியைத் திறந்தன். புட்டு. அவள் ஓரக்கண்ணால பார்த்தாள்.

"அதென்ன, மாவையே திங்கறீங்க?"

"இது புட்டு. நீ என்ன கொண்டந்தனி?"

"அரிசிம்பருப்பு."

அவள் ஒரு வாய் புட்டுத் திண்டாள். தொண்டையில அடைச்சுக் கண்ணில தண்ணி வந்திட்டுது. ஓடிப்போய்த் தண்ணி எடுத்துக் குடுத்தன். புட்டு அடைச்சதாலதான் அழுதவள். அப்பிடித்தான் அவள் இண்டைக்கும் சொல்லுறாள், நானும் அதைத்தான் சொல்லுறன்.

அடுத்த நாள் ஒருத்தன், எங்களுக்குப் பின் வாங்கில இருக்கிறவன், "என்றாத்தா, சாமி வருதா?" எண்டான். நான் ஜியோமெற்றிப் பெட்டியால மண்டையில ஒண்டு போட்டன். பெட்டி நெளிஞ்சு போச்சுது. என்னை வெளிய நிக்க வைச்சினம். கோகிலா ஒருத்தரும் சொல்லாமல் தானாவே வந்து பக்கத்தில நிண்டாள். பேர் வைச்சது நான். அதுக்காக மற்றவை கூப்பிடலாமோ? அண்டைக்குப் பிறகு ஒருத்தரும் கூப்பிடேல்லை. பூசாரியும் இல்லை, துடுப்பும் இல்லை.

மன்னிப்போ? இல்லை, அவள் இண்டைவரைக்கும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. நான் ஏன் கேக்கோணும்?

இருங்கோ, எழும்பாதேங்கோ. பத்தாம் வகுப்புப் பரீட்சையைச் சொல்லாட்டிக் கதை அரைகுறை.

தொண்ணூற்றைஞ்சு. முதல் நாள் தமிழ்ப் பரீட்சை, பத்து மணிக்கு. அண்டைக்குக் காலமை ஏழு மணிக்குக் கேம்பில திடீரெண்டு சொல்லுகினம், ஆள் எண்ணப் போகினமாம். அந்தக் காலம் சரியான கெடுபிடி. எண்ணேக்க ஆள் இல்லாட்டி கேம்புப் பதிவில பேரை வெட்டிப்போடுவினம் எண்டு எல்லாருக்கும் பயம். அப்பா "பரீட்சைக்குப் போ" எண்டுறார், அம்மா "பேரை வெட்டினா பரீட்சையை வைச்சு என்ன செய்யிறது" எண்டுறா. நான் சீருடையோட வரிசையில நிக்கிறன். எங்கட வரிசை கடைசி. எட்டரை ஆச்சு. நான் அழேல்லை. சொன்னனே, எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கட அம்மா வேற மாதிரிச் சொல்லுவா, அவவுக்கு ஞாபகமறதி.

எட்டரைக்கு கேற்றடியில சைக்கிள் மணி. கோகிலா. நாங்கள் சேர்ந்து போறதாச் சொல்லி வைச்சிருந்தம், காணேல்லை எண்டு தேடி வந்திட்டாள். சைக்கிளைப் போட்டுட்டு நேர அதிகாரியிட்டப் போனாள்.

"ஏனுங் சார், இன்னைக்குப் பரீட்சைங். இவள முன்னாடி எண்ணி அனுப்பியுடுங்."

"வரிசைப்படிதான். போய் நில்லு." மனுசன் பதிவேட்டில இருந்து தலையை நிமித்தவே இல்லை.

போய் நிக்கச் சொன்னா வெளிய போய் நிக்கிறதுதானே? இவள் வந்து எனக்குப் பக்கத்தில வரிசையில நிக்கிறாள். "நீ போ புள்ள. உன்ற எடத்துல நான் நிக்கறேன்."

"விசரி, உனக்கும் பரீட்சைதானேடி?"

யோசிச்சாள். "அட, ஆமா" எண்டாள். ஆனா விட்டுட்டுப் போகேல்லை.

ஒருத்தர் தலையை எண்ணிக்கொண்டு போனார். நானூற்றுப் பன்னிரண்டு இருக்கோணும். நானூற்றுப் பதின்மூண்டு வருது. திரும்ப எண்ணினார். திரும்பவும் பதின்மூண்டு. குறையிறது அவைக்குப் பழக்கம், கூடுறது பழக்கமில்லை. அதிகாரிக்கு வேர்த்துட்டுது. ஒவ்வொரு முகமாப் பார்த்துக்கொண்டு வந்து எங்களுக்கு முன்னால நிண்டார். ஒரே சீருடை, ஒரே மாதிரி ரெட்டைப் பின்னல், ஒரே மாதிரி மடிச்சுக் கட்டின ரிப்பன். அவளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

"ரெண்டு பேர்ல யாரு கேம்ப்?"

கோகிலா கையைத் தூக்கினாள். நானும் தூக்கினன்.

மனுசன் கடிகாரத்தைப் பார்த்தார். நெத்தியைத் துடைச்சார். "ரெண்டு பேரும் பரீட்சைக்குப் போய்த் தொலைங்க. ஆளக் கொறச்சுக்கறேன்" எண்டுட்டு என்ர பேருக்கு நேர சரி போட்டார். அம்மா முதல் முதலா ஒரு அரசாங்க ஆளைப் பார்த்துச் சிரிச்சவ, அண்டைக்குத்தான்.

கோகிலா மிதிக்கிறாள், நான் பின்னால. நாலு மைல். "உன்ற கனம் என்னடி, மூட்ட மாதிரி" எண்டு வழி முழுக்க வசவு. பத்து நிமிசம் பிந்தித்தான் போனம். உள்ள விட்டினம்.

மார்க்கோ? எனக்குத் தமிழில எண்பத்தொண்டு. அவளுக்கு எண்பத்தினாலு. பத்து நிமிசம் பிந்தினதில எனக்கு மூண்டு மார்க் போயிட்டுது, இல்லாட்டி நான்தான் கூட. அவளும்தானே பிந்தினவள் எண்டு கேக்காதேங்கோ. முப்பது வருசமா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில அவளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.